கிப்பன் குடியிருப்பு, வகை மூன்று

எங்கள் உயிரியல் பூங்காவில் எந்தக் கட்டடம் கட்டினாலும் முதலில் படிவம் நான்கை நிரப்ப வேண்டும். அதில் 'கட்டடத்தின் வகை' என்ற இடத்தில் இரண்டே இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று குடியிருப்பு, இன்னொன்று கிடங்கு. உலகத்துக் கட்டடங்கள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும் என்று ஒரு பெரிய அதிகாரி என்றைக்கோ முடிவு செய்துவிட்டு ஓய்வும் பெற்றுவிட்டார். நுழைவுச்சீட்டு கொடுக்கும் அறை கிடங்கு. கழிப்பறை, மூன்று கூட்டங்களுக்குப் பிறகு, குடியிருப்பு. யானைக் கொட்டகை படிவம் வருவதற்கு முன்பே கட்டியது. அது எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் யானை நன்றாக இருக்கிறது.

நான் அங்கே பத்தொன்பது வருடமாக வரைபடம் போடுகிறேன். அலுவலகத்தில் என்னை டிராப்ட்ஸ்மேன் என்பார்கள். இதுவரை போட்டதில் பெரும்பகுதி மதில் சுவர். எனவே கிப்பன் குரங்கு ஜோடிக்குப் புது வீடு வரைய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த ஜோடியை நான் அதுவரை பார்த்ததில்லை, ஆனால் தினமும் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊழியர் குடியிருப்பு பூங்காவின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் இரண்டு குரல்கள் பாட ஆரம்பிக்கும். என் மகள் அந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் எழுந்திருப்பாள். நானும் என் மனைவியும் தொண்டை கிழியக் கத்தினாலும் போர்வைக்குள்ளிருந்து, "இன்னும் குரங்கு பாடல" என்று பதில் வரும்.

விலங்கு மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு பழைய கூண்டில் அவை இருந்தன. கூண்டு அகலம் இல்லை, ஆனால் நல்ல உயரம். காப்பாளர் பழைய தீயணைப்புக் குழாய்களை உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, உச்சியில் ஒரு பலகையும் இலை மறைவும் வைத்திருந்தார். ஆண் கறுப்பு, பெண் வைக்கோல் நிறம். இரண்டுக்கும் வால் கிடையாது, கைகள் மட்டும் உடம்பைவிட நீளம். காப்பாளர் பெண்ணைத் தங்கச்சி என்பார். அந்த உறவில் ஆண் அவருக்கு மாப்பிள்ளை.

"அண்ணே, இதுங்களுக்கு வீடு வரையணும். என்ன வேணும்னு சொல்லுங்க" என்றேன்.

"மொதல்ல சுவர வரையாதீங்க சார். நடுவுல இருக்கிற காலி எடத்த வரைங்க."

"காலி இடத்த எப்படி வரையறது?"

"மாப்பிள்ளையப் பாருங்க, தெரியும்."

மாப்பிள்ளை ஒரு குழாயை விட்டு அடுத்ததற்குப் போனான். நடுவில் ஒரு நொடி அவன் கைகள் எதையும் பிடித்திருக்கவில்லை.

"இப்ப காத்துல இருந்தான் பாருங்க, அந்த நேரத்துலதான் அவன் கிப்பன். மத்த நேரமெல்லாம் சும்மா குரங்கு" என்றார் காப்பாளர். "எல்லாக் கயிறையும் ஒரே தூரத்துல கட்டிராதீங்க. காட்டுல கிளை என்ன அளந்தா முளைக்குது? ஒண்ணு கிட்ட, ஒண்ணு தூரம். தொட்டா ஆடணும். வெறும் இரும்புக் கம்பின்னா ரெண்டு நாள்ல அலுத்துரும். படுக்கிற பலகை உச்சியில. சாப்பாடும் உச்சியில. தரைக்கு வரவே கூடாது சார், இது தரைக்குப் பொறந்த உடம்பு இல்ல. ஆளுங்க வேணும்னா அண்ணாந்து பாக்கட்டும். மூஞ்சியக் காட்டப் பிடிக்கலைன்னா ஒளிஞ்சிக்க இலை மறைவும் வேணும்."

பாட்டைப் பற்றியும் சொன்னார். மாப்பிள்ளைதான் ஆரம்பிப்பானாம். பிறகு அவன் வாயை மூடிக்கொள்ள, தங்கச்சி ஒரு நீளமான கூவலை இழுப்பாளாம். அது இருபது விநாடி. அவள் முடித்ததும் அவன் முடித்து வைப்பானாம். "வீட்டுல யாரு பேச்சு எடுபடும்னு அதுங்களுக்கு நல்லாத் தெரியும்" என்றார். இருபது விநாடி என்று நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

பதினோரு நாள் உட்கார்ந்து வரைந்தேன். பன்னிரண்டு மீட்டர் உயரம், முப்பது மீட்டர் நீளம். இருபத்தாறு கயிறுகள், எந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே தூரம் இல்லை. கூரை வெறும் வலை. என் வாழ்நாளில் சுவர் இல்லாமல் போட்ட முதல் படம் அது. காப்பாளர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இங்க எனக்கும் ஒரு பலகை போட்டுருங்க சார்" என்றார்.

அப்புறம்தான் படிவம் நான்கை எடுத்தேன். குடியிருப்பா, கிடங்கா? தினமும் பாடி என் மகளை எழுப்புகிற ஜீவன்களைக் கிடங்கு என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. குடியிருப்பில் டிக் அடித்தேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

எங்கள் பொறியாளரை முதுகுக்குப் பின்னால் அளவுகோல் என்போம். அவர் முன்னால் யாரும் நிமிர்ந்து நிற்பதில்லை, அளந்துவிடுவார். படிவத்தைப் பார்த்தார்.

"குடியிருப்பு. எத்தன பேர்?"

"ரெண்டு சார்."

"புருஷன் பொண்டாட்டியா?"

"ஆமா சார்."

"அப்போ வகை மூணு."

வகை மூன்று என்றால் குடும்பத்துக்கான வீடு, கூரை மூன்று மீட்டர். சிமெண்ட் கூரை. இரண்டு அறை, ஒரு சமையலறை. படுக்கும் இடம் உயரத்தில் இருந்தால் கைப்பிடியோடு படிக்கட்டு. மின்விசிறி ஒன்று. தரை ஓடு பதித்து, தினம் இரண்டு வேளை கழுவ வேண்டும். கயிறு என்ற தலைப்பில் விதிப்புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. துணி காயப்போடும் கொடி, ஒன்று, தரையிலிருந்து இரண்டு மீட்டர்.

"சார், பன்னிரண்டு மீட்டர் வேணும்னு காப்பாளர்..."

"பன்னிரண்டு மீட்டர் கிடங்குக்குத்தான் உண்டு."

"அப்ப கிடங்குன்னே மாத்திடறேன் சார்."

அளவுகோல் கண்ணாடியைக் கழற்றினார். "டிக் அடிச்சத மாத்தணும்னா வசிக்கிறவங்க நிலைமை மாறியிருக்கணும். மாறியிருக்கா? சரி, அத விடுங்க. உயிரோட இருக்கிற ரெண்டு பேர கிடங்குல போடறேங்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

இருபத்தாறு கயிறுகளையும் என் கையாலேயே அழித்தேன். நல்ல ரப்பர், தடமே தெரியவில்லை. காப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் எதிரே இருந்த தீவனக் கிடங்கைக் காட்டினார். உடைந்த நாற்காலிகளும் வைக்கோல் கட்டுகளும் அங்கே பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் விசாலமாக இருந்தன.

"வைக்கோலு தாவுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் இயக்குநருக்கு வரைபடம் ரொம்பப் பிடித்துப்போனது. கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். "விலங்குன்னு சொல்லி நாம யாரையும் ஒதுக்கி வைக்கறதில்ல. என் வீட்டுக் கூரை மூணு மீட்டர். அதே கூரையத்தான் அவங்களுக்கும் குடுக்கறேன். என்னைவிட ஒசத்தியும் இல்ல, என்னைவிடத் தாழ்வும் இல்ல. கிப்பனுக்கு என்ன வேணும்னு கிப்பன்கிட்ட கேட்டா அதுக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அத வச்சுத்தான் நான் முடிவெடுக்கறேன்." எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீடு கட்டி முடிந்ததும் தரப் பரிசோதனைக் குழு வந்தது. விதிப்படி குழுவினர் கட்டடத்துக்குள் அரை மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும். ஐந்து பேர், ஐந்து நாற்காலி, தேநீர். மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் படிக்கட்டில் ஏறி இறங்கி, கைப்பிடி வழவழப்பாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். ஒருவர் தூங்கிவிட்டார். அதையும் அறிக்கையில் சேர்த்தார்கள்: 'குழு உறுப்பினருக்கு உறக்கம் வரும் அளவுக்கு வசதி உறுதி செய்யப்பட்டது.'

திறப்பு விழா அன்று இன்னொரு காகிதம் முளைத்தது. குடியிருப்பை ஒப்படைத்தால் குடியேறுகிறவரின் ஒப்புதல் கடிதம் கோப்பில் இருக்க வேண்டுமாம். 'மேற்கண்ட வீட்டைப் பார்வையிட்டேன். எல்லா வசதிகளும் உள்ளன எனத் திருப்தியுடன் ஒப்புக்கொள்கிறேன்.' கீழே கையொப்பம், அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை.

"வீடு பெண்ணு பேர்ல இருக்கட்டும். நாம பழைய காலத்து ஆளுங்க இல்ல" என்றார் இயக்குநர்.

அளவுகோல் கடிதத்தையும் மைப்பெட்டியையும் என் கையில் திணித்தார். "வரைஞ்சது நீங்கதானே, நீங்களே போய் வாங்கிட்டு வந்துருங்க. அரை மணி நேரத்துல அமைச்சர் வந்துருவாரு."

பழைய கூண்டுக்கு ஓடினேன். காப்பாளரை விழா வாசலில் சீருடையோடு நிறுத்தியிருந்தார்கள். தங்கச்சி உச்சிப் பலகையில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். நான் மைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். வாழைப்பழத்தைக் காட்டினேன். "வாம்மா, ஒரு நிமிஷம்" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அவள் மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டு இலை மறைவுக்குப் போய்விட்டாள். தூரத்தில் வாத்தியக் குழு வாசிக்க ஆரம்பித்தது.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். என் இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து, காகிதத்தில் அழுத்தினேன்.

அவ்வளவுதான். ஒரு நொடிக்கு மேல் ஆகவில்லை. இதைவிடப் பெரிய தப்பெல்லாம் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலையே பழைய கூண்டை இடித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு வீடு கூடாது என்பது விதி.

புது வீட்டில் மாப்பிள்ளை முதல் தாவலிலேயே கூரையில் தலையை இடித்துக்கொண்டான். இரண்டாவது தடவை முயலவில்லை. துணிக்கொடியில் தொங்கினால் கொடி தொய்ந்து கால் தரையில் தேய்ந்தது, முழங்காலை மடக்கிக்கொண்டு அப்படியும் இப்படியும் இரண்டு தடவை போய்வந்துவிட்டு நிறுத்திவிட்டான். தங்கச்சி படிக்கட்டின் அடியில், சுவர் மூலையில், ஓடு பதித்த தரையில் உட்கார்ந்தாள். வெளியே ஜனங்கள் முன்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். கண்ணுக்கு நேராகத் தெரிவது வசதியாக இருக்கிறது என்று வருகைப் பதிவேட்டில் நிறையப் பேர் எழுதினார்கள். காலையிலும் மாலையிலும் தரையைக் கழுவினார்கள். ஈரம் காய்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

மாதாந்திர ஆய்வில் குடியிருப்போர் படிக்கட்டைப் பயன்படுத்தவில்லை என்று கண்டுபிடித்தார்கள். உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது. 'படிக்கட்டைப் பயன்படுத்தவும்' என்று ஒரு பலகை உள்ளே மாட்டினார்கள். எழுத்து அளவை நான்தான் வரைந்து கொடுத்தேன்.

பாட்டு முதல் வாரத்தில் சின்னதானது. அப்புறம் விட்டுவிட்டு வந்தது. ஒரு நாள் என் மகள் ஏழே முக்காலுக்கு அலறியடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏன்பா யாரும் எழுப்பல?"

"குரங்கு பாடலையே" என்றாள் என் மனைவி. பிறகு என்னிடம் திரும்பி, "அதுங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்றாள்.

"புது வீடுல்ல, பழகணும்" என்றேன். அன்று மாலை ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி வந்தேன்.

ஒன்றரை மாதம் ஆனபோது காப்பாளர் இயக்குநர் அறைக்கு வந்தார். அளவுகோலும் நானும் அங்கே இருந்தோம்.

"ஐயா, தங்கச்சிக்கு நெஞ்சுல சளி. டாக்டர் மருந்து குடுத்துட்டாரு. ஆனா அந்த ஈரத் தரையில இருக்கிற வரைக்கும் கேக்காதுங்கிறாரு. தீவனக் கிடங்கக் காலி பண்ணிக் குடுங்க, நானே கயிறு கட்டிக்கறேன். மேல ஏறிட்டா பொழச்சிக்கும்."

இயக்குநர் கோப்பைப் புரட்டினார். "அவங்களே ஒத்துக்கிட்டு ரேகை வச்சிருக்காங்களேப்பா. திருப்தியுடன்னு போட்டிருக்கு பாரு. ஒருத்தங்க விருப்பத்த மீறி நாம எப்படி வீடு மாத்த முடியும்?"

காப்பாளர் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஐயா, கிப்பன் கட்டைவிரல் இம்புட்டு அகலம் இருக்காது."

"வீடு கிடைச்ச சந்தோஷத்துல கொஞ்சம் அழுத்தி வச்சிருப்பாங்க" என்றார் இயக்குநர்.

என் இடது கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. மை என்றைக்கோ போய்விட்டிருந்தது. ஆனால் காப்பாளர் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்: "அது அவ ரேகை இல்லன்னு யாராவது எழுதிக் குடுத்தா ஒப்புதல் செல்லாதாம் சார். அன்னைக்கே வேற எடத்துக்கு மாத்திரலாமாம். அளவுகோல் சாரே சொன்னாரு."

கடிதத்தை அன்றே எழுதிவிட்டேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. நாலே வரி. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பொய் ரேகை வைத்தவனுக்கு முதலில் போவது ஊழியர் குடியிருப்புதான், அப்புறம்தான் வேலை. மறுநாள் கொடுக்கப் போனேன், இயக்குநர் விடுப்பு. அதற்கு மறுநாள் அவர் கோபமாக இருந்தார். அதற்கு அடுத்து ஞாயிறு. மகளுக்குப் பரீட்சை, அது முடியட்டும் என்று ஒரு நாள். ஐந்தாம் நாள் சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டாள்.

"இத குடுத்தா இந்த வீடு போயிரும்ல?"

"போயிரும்."

சாயங்காலம் தேய்த்த சட்டையின் பையில் கடிதம் மறுபடி இருந்தது. கொடு என்று அர்த்தமா, அங்கேயே இருக்கட்டும் என்று அர்த்தமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை. தினமும் வேலைக்குப் போகும்போது கிப்பன் வீட்டு வழியாகப் போகாமல் பறவைகள் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

பத்தாம் நாள் காலையில், இன்று கொடுத்தே தீர்வது என்று கிளம்பி, எனக்குத் தைரியம் வரட்டும் என்று கிப்பன் வீட்டு வழியாகவே போனேன். காப்பாளர் உள்ளே படிக்கட்டின் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படிக்கட்டை ஒருவர் பயன்படுத்தி நான் பார்த்தது அன்றுதான். மடியில் ஒரு சாக்கு விரித்து, அதில் தங்கச்சியை வைத்திருந்தார். மாப்பிள்ளை அவளுடைய நீளமான கையைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தான்.

"விடியறப்பதான் சார்" என்றார். "நேத்து வந்திருந்தாக்கூட..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். திட்டியிருக்கலாம். நான் அதற்காக நின்றேன். அவர் திட்டவில்லை.

இயக்குநர் மேசையில் கடிதத்தை வைத்தேன். அவர் படித்துவிட்டு அளவுகோலிடம் நீட்டினார். அளவுகோல் படித்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"குடியிருந்தவங்க இறந்ததும் ஒப்புதல் காலாவதி ஆயிடும். காலாவதியான காகிதத்துல யார் ரேகை இருந்தா என்ன?" என்றார் அளவுகோல்.

"சார், தப்பு பண்ணியிருக்கேன். எனக்கு ஏதாவது தண்டனை..."

"அதுக்குப் புகார் வேணும். பாதிக்கப்பட்டவங்கதான் குடுக்கணும்" என்றார். பிறகு இரக்கத்தோடு, "அவங்க குடுக்கிற நிலைமையில இல்ல. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றார்.

இயக்குநர் திடீரென்று பிரகாசமானார். "ஆமா, இப்ப வீட்டுல ஒருத்தர்தானே? வகை மூணு குடும்பத்துக்குத்தானே?"

"தனி ஆளுக்குக் கிடையாது சார்" என்றார் அளவுகோல். "வசிக்கிறவங்க நிலைமை மாறியிருக்கு. டிக்க மாத்தலாம். குடும்பம் இல்லைன்னா குடியிருப்பு இல்ல. கிடங்கு."

"கிடங்குன்னா உயரம்?"

"பன்னிரண்டு மீட்டர் சார்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "உங்ககிட்ட ஒரு பழைய வரைபடம் இருந்துச்சுல்ல?"

அழித்ததை மறுபடி வரைந்து கொடுத்தேன். சிமெண்ட் கூரையை உடைத்து ஐந்து வாரத்தில் முடித்துவிட்டார்கள். எங்கள் துறையில் இவ்வளவு வேகத்தை நான் கண்டதில்லை. இருபத்தாறு கயிறுகளையும் காப்பாளரே கட்டினார், என்னிடம் பேசாமல். கிடங்கு என்பதால் படிக்கட்டு தேவைப்படவில்லை, தரையைக் கழுவவும் வேண்டியதில்லை. கோப்பில் மாப்பிள்ளை 'அசையும் பொருள், ஒன்று' என்று இருக்கிறான். மறு திறப்பு விழாவில், உயரம்தான் முக்கியம் என்று தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்ததாக இயக்குநர் பேசினார். எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டதற்கு ரேகையா கையெழுத்தா என்று யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மாப்பிள்ளை உச்சியில் ஒரு கயிற்றை விட்டு அடுத்த கயிற்றுக்குப் போகிறான். நடுவில் நான் வரைந்த காலி இடம் அப்படியே இருக்கிறது. ஜனங்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் பாட்டு கேட்டது. என் மகள் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ஆரம்பித்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது ஆனதும் அவன் முடித்து வைத்தான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடி இருபது விநாடி ஒன்றுமே இல்லை.

"ஏன்பா நடுவுல நடுவுல நிறுத்துது?" என்றாள் மகள்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு வாங்குதும்மா" என்றேன்.

மகள் நம்பிவிட்டாள்.